எழுபது வளைவு ஏறும் டர்போ தம்பி தங்கைகளுக்கு



ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்தில் உங்கள் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. போலோ, நெக்ஸான், ஐ20 என்-லைன், யாரோ பத்திரமாக வைத்திருந்து விற்ற பழைய லினியா டி-ஜெட், வெளியில் டர்போ வாங்கி மாட்டிய ஸ்விஃப்ட்கூட ஒன்றிரண்டு. டீ குடித்துவிட்டு சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறப் போகிறீர்கள். பேச்சு முழுக்க பூஸ்ட், ஹார்ஸ்பவர், எக்ஸாஸ்ட் சத்தம். "ஸ்டேஜ் ஒன்னு பண்ணியாச்சுங்ணா, அடுத்து ஸ்டேஜ் ரெண்டுதான்" என்கிறான் ஒருவன். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் ஊட்டும் குழாயான ரெயிலில் அழுத்தம் எவ்வளவு என்று ஒருவரை ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்களில் பாதிப் பேர் லாரி வீட்டுப் பிள்ளைகள். நாமக்கல் பாடி பில்டிங் பட்டறையோ, கேஸ் டேங்கரோ, திருச்செங்கோட்டு ரிக் வண்டியோ, ஏதாவது ஒன்று குடும்பத்தில் இருக்கும். டீசல் புத்தி உங்களுக்குப் பால்குடியிலேயே வந்துவிட்டது. எனக்குக் கவலையும் அங்கேதான்.

டீசல் இன்ஜினில் காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே இருக்கும். டீசலைக் கூட்டினால் இழுவை கூடும், கூடவே கரும்புகையும் சூடும். குறைத்தால் வண்டி சோம்பும், அவ்வளவே. மைக்கோ பம்பு வைத்த பழைய டர்போ லாரிகளில் கவர்னர் பக்கம் ஒரு டயாபிரம் உட்கார்ந்திருக்கும். மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் அதற்கு வரும். பூஸ்ட் ஏற ஏற டயாபிரம் நகர்ந்து டீசலைக் கூட்டிக் கொடுக்கும். அந்த ஹோஸ் கிழிந்தால் லோடு வண்டி மேட்டில் முக்கும். டிரைவர் திட்டுவார், கிளீனர் இறங்கிக் கட்டை போடுவார். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் பெட்ரோல் டர்போக்கள் சிலவற்றிலும் அப்படி ஒரு ஹோஸ், அப்படி ஒரு டயாபிரம். ஆனால் இங்கே கிழிந்தால் கதையே வேறு. பூஸ்டில் பெட்ரோல் கொஞ்சம் குறைந்தால் வண்டி சோம்பாது. முன்னைவிடச் சுறுசுறுப்பாகக்கூடத் தெரியும். "இன்னிக்கு வண்டி சூப்பரா இழுக்குதுடா" என்று சொல்லிக்கொண்டே இரண்டு வளைவு ஏறுவீர்கள். உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். பிறகு பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துத் தட்டும் நாக்கிங். பிறகு பிஸ்டனில் ரிங் நிற்கும் விளிம்பு உடையும், அல்லது பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். லாரிக்காரர் ஹோஸ் மாற்றிவிட்டு சரக்கை இறக்கப் போய்விடுவார். நீங்கள் ரெக்கவரி வண்டிக்குப் போன் போடுவீர்கள்.

ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். மேனிஃபோல்டுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒரு வால்வுதான். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ அதை இத்தனை மில்லிசெகண்ட் திற என்று மட்டுமே சொல்கிறது. அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் வெளியேறும் என்பதைத் தீர்மானிப்பது இன்ஜெக்டருக்குப் பின்னால் ரெயிலில் இருக்கும் அழுத்தத்துக்கும், முன்னால் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். ஆடிப்பெருக்கு அன்று சேலம் பஸ் ஸ்டாண்டில் உள்ளே நெரிசல் கூடக்கூட ஏறுகிறவர் அதே அளவு கூடுதலாகத் தள்ள வேண்டும் அல்லவா, அதுதான் கணக்கு. மேனிஃபோல்டில் 1 பார் பூஸ்ட் ஏறினால் ரெயிலிலும் 1 பார் ஏற வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ளத்தான் ரெகுலேட்டர். பம்பு அனுப்பும் பெட்ரோல் ரெயிலுக்கு வரும். மிச்சத்தை ரெகுலேட்டர் ரிட்டர்ன் லைன் வழியே டேங்குக்குத் திருப்பிவிடும். எவ்வளவு திருப்புவது என்பதை ஸ்பிரிங்கும், டயாபிரமும், மேனிஃபோல்டிலிருந்து வரும் அந்த ஹோஸும் முடிவு செய்யும்.

அடிப்படை அழுத்தம் 3 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐடிலில் மேனிஃபோல்டில் வேக்குவம் இருப்பதால் கேஜ் 2.4 பக்கம் காட்டும். ஹோஸைக் கழற்றினால் 3. பூஸ்ட் 1 பார் வரும்போது 4. மூன்று நிலையிலும் இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் இடையே வித்தியாசம் அதே 3 பார். இனி ஹோஸில் கிளிப் போடாமல் விட்டதால் அது முழு பூஸ்டில் பிடுங்கிக்கொண்டது என்று வையுங்கள். ரெயில் 3 பாரிலேயே நிற்கும், எதிரே 1 பார் தள்ளும், வித்தியாசம் 2. பாய்ச்சல் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே பெட்ரோல் ஏறத்தாழ 18 சதவீதம் குறையும். டியூனர் பாதுகாப்பாக 11.8 என்று வைத்த காற்று-பெட்ரோல் விகிதம் 14.4 பக்கம் போய்விடும். நெடுஞ்சாலையில் 80இல் நிதானமாகப் போகும்போது இருக்க வேண்டிய விகிதம் அது. முழு பூஸ்டில் அது பிஸ்டனுக்குக் கொள்ளி.

ஹோஸை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் சில பட்டறைகள் கை போன போக்கில் வேலை செய்கின்றன. த்ராட்டிலுக்கு அப்புறம், மேனிஃபோல்டிலிருந்தே, தனியாக எடுக்க வேண்டும். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே எடுத்தால் ரெகுலேட்டருக்கு வேக்குவமே தெரியாது. வேஸ்ட்கேட், ப்ளோ-ஆஃப் வால்வு எல்லாவற்றுக்கும் ஒரே ஹோஸில் டீ போட்டுப் பிரித்தால், ஒன்று கழன்றாலே எல்லாம் போச்சு.

டயாபிரமே கிழிந்தால் எதிர்ப் பக்கம் கெடும்: பெட்ரோல் அந்த ஹோஸ் வழியாகவே மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சப்படும், கரும்புகை வரும், மைலேஜ் விழும். ஹோஸைக் கழற்றி முகர்ந்தால் பெட்ரோல் வாசனை அடிக்கும். அந்த ரெகுலேட்டரைத் தூக்கிப் போடுங்கள்.

"என் வண்டியில ரிட்டர்ன் லைனே இல்லைங்ணா" என்பீர்கள். இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான். ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கும். வெளியே எந்த பூஸ்ட் வந்தாலும் அதற்குத் தெரியாது, ஒரே அழுத்தத்தில் அனுப்பும். பூஸ்டில் இன்ஜெக்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசம் குறைவதைக் கம்பெனி ஈசியூ முன்கூட்டியே கணக்குப் போட்டு இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். கம்பெனி வைத்த பூஸ்ட் வரைக்கும் அந்தக் கணக்கு சரி. நீங்கள் அதன்மேல் இன்னும் 0.4 பார் ஏற்றச் சொல்லும்போது இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் உச்சவரம்பைத் தொடும். நல்ல டியூனர் கிடைக்கும் நேரத்தில் 85 சதவீதத்தைத் தாண்ட விடமாட்டார். இன்னொரு சங்கடமும் உண்டு. கொல்லிமலை அடிவாரத்திலிருந்து மேலே போகும்போது ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறுகிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 0.1 பார் குறையும். டேங்கிலுள்ள ரெகுலேட்டர் வெளிக்காற்றை வைத்துத்தான் அளக்கிறது. ஆகவே ரெயிலும் அந்த 0.1 பாரை இழக்கும். டர்போவோ கீழே கொடுத்த அதே முழு அழுத்தத்தை மேலேயும் கொடுக்க முயலும். இரண்டு பக்கமும் சேர்ந்து நெருக்கும்.

மேலே டர்போ படும் பாடு தனிக் கதை. மேனிஃபோல்டில் மொத்தம் 2 பார் வேண்டும் என்றால் சமவெளியில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும். மலைமேல் இருக்கும் செம்மேட்டு உயரத்தில் சுமார் 2.3 மடங்கு அழுத்த வேண்டும். டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும். இதில் தப்பு சொல்ல முடியாது, மலையில் தன்னை நிரூபித்த சாதனம் அது. 1918இல் அமெரிக்காவின் கொலராடோவில் பைக்ஸ் பீக் மலைமேல், 4,300 மீட்டர் உயரத்துக்கு, ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சான்ஃபோர்ட் மாஸ். கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின் அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தது. டர்போவை இணைத்ததும் 356 தந்தது. மலை பறித்ததை டர்போ திருப்பிக் கொடுத்தது. ஆனால் அந்தச் சோதனையில் பக்கத்திலேயே நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் போனை டேஷ்போர்டில் வைத்து வீடியோ எடுக்கிறீர்கள்.

எனக்கு இந்த மலைமேல் மரியாதை அதிகம். டைனோ மெஷினில் பத்து விநாடி ஓட்டிப் பார்க்கும்போது முன்னால் பெரிய ஃபேன் சுற்றும், டேங்கில் பெட்ரோல் சமமாக நிற்கும், இன்ஜின் ஆறியிருக்கும். 30ஆம் வளைவில் அது எதுவும் கிடையாது. வேகம் 25, லோடு முழுசு, இன்டர்கூலருக்குக் காற்று வராது. ஏசி, ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓடும்போது ஆர்பிஎம் குறைந்திருந்தால் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் பம்பு மெதுவாகும். அழுத்தம் கூடக்கூட எந்த பம்பும் அனுப்பும் அளவு குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய பழைய ஒயரிலேயே பெரிய பம்பை மாட்டிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தனி ரிலே, தனி ஒயர், நல்ல எர்த் — ஆகும் செலவு உங்கள் அலாய் வீலில் ஒன்றின் விலைகூட வராது.

கொண்டை ஊசி வளைவில் டேங்குக்குள் என்ன நடக்கிறது? பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்பைச் சுற்றி ஒரு கிண்ணம் வைத்துக் கம்பெனி இதைச் சமாளிக்கிறது. அந்தக் கிண்ணத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் பம்பைத் தொங்கவிட்ட வண்டிகளில், கால் டேங்குக்குக் கீழே போனதும் வளைவுக்கு வளைவு பம்பு காற்றை உறிஞ்சும். ரெயில் அழுத்தம் ஒரு நொடி விழும், வளைவு முடிந்து நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் அதே நொடி. ரிட்டர்ன் லைன் உள்ள வண்டியில் இன்ஜின் சூடும் பெட்ரோலோடு டேங்குக்குத் திரும்புகிறது. டேங்கில் குறைவாக இருந்தால் சீக்கிரம் கொதிப்பேறும். ஆகவே கீழேயே அரை டேங்குக்குக் குறையாமல் போட்டுக்கொண்டு ஏறுங்கள். 100 ஆக்டேன் போட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்துவதில் பயனில்லை. ஆக்டேன் நாக்கிங்கைத் தள்ளிப்போடும். வந்து சேராத பெட்ரோலுக்கு ஆக்டேன் ஏது?

பம்பு போதுமா என்று வீட்டிலேயே கணக்குப் போடலாம். 150 குதிரைத்திறன் தரும் பெட்ரோல் டர்போ முழு லோடில் மணிக்குச் சுமார் 55 லிட்டர் குடிக்கும். நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 230 சிசி பக்கம் பீய்ச்ச வேண்டும். 85 சதவீத வரம்பை வைத்தால் 270 சிசி இன்ஜெக்டர் வேண்டும். பம்பு அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு எந்த அழுத்தத்தில் அளந்தது என்று பாருங்கள். உங்களுக்குத் தேவை 4 பாரில் அது என்ன தரும் என்பது.

இன்ஜெக்டரும் பம்பும் மாற்றக் காசில்லை என்று சிலர் குறுக்கு வழி காட்டுவார்கள். பூஸ்ட் 1 பார் ஏறினால் ரெயிலில் ஆறு, எட்டு மடங்கு ஏற்றிவிடும் ரெகுலேட்டர் ஒன்று உண்டு. இன்ஜெக்டர் சின்னது, அழுத்தத்தைத் திணித்துப் பெட்ரோலை வெளியே தள்ளலாம் என்பது யோசனை. ஈசியூவைத் தொட முடியாத காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அவ்வளவு அழுத்தத்தில் பம்பு மூச்சு வாங்கும், இன்ஜெக்டர் சரியாகத் திறக்காது. இன்று அதை விற்கிறவரை நான் நம்பமாட்டேன். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் எண்ணை மாற்றி, ஈசியூவுக்குப் பொய் சொல்லி பூஸ்டைக் கூட்டும் பிக்கிபேக் பெட்டியும் எனக்கு உவப்பில்லை. ஈசியூ எந்த எண்ணை நம்பிப் பெட்ரோலை அளக்கிறதோ அந்த எண்ணையே கெடுத்துவிட்டு நல்லது நடக்கும் என்று காத்திருப்பது அது.

போலோ டிஎஸ்ஐ, ஐ20 என்-லைன் வைத்திருப்பவர்கள் இதுவரை படித்துவிட்டு "நமக்கில்லை" என்று நினைக்கலாம். உங்கள் வண்டியில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பாய்கிறது, அழுத்தம் 100, 200 பார் கணக்கில். அங்கே 1 பார் பூஸ்ட் ஒரு பொருட்டில்லை. ஆனால் அந்த அழுத்தத்தைத் தருவது கேம்ஷாஃப்ட் ஓட்டும் ஒரு பம்பு. அதற்குப் பெட்ரோல் ஊட்டுவது டேங்கிலுள்ள சின்ன பம்பு. ரீமேப் செய்தவர் கேட்கும் அளவை இந்தப் பம்பு தர முடியாவிட்டால், முழு லோடில் ரெயில் அழுத்தம் இலக்குக்குக் கீழே வழிந்து இறங்குவது, ஓட்டும்போது பதிவாகும் லாகில் பளிச்சென்று தெரியும். ஓட்டும் விதத்திலும் ஒன்று: வளைவு முடிந்ததும் மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் வைத்து ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதிக்காதீர்கள். குறைந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் வந்தால் இந்த வகை இன்ஜின்களில் ஸ்பார்க் அடிப்பதற்கு முன்னாலேயே தீப்பற்றும் ஆபத்து உண்டு. அந்த ஒரே அடியில் பிஸ்டன் போகலாம். இரண்டாம் கியருக்கு இறக்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடில் போடுங்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2022இல் நாடு முழுவதும் 10 சதவீத எத்தனால். 2025இல் 20 சதவீதம். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 என்றிருந்த சரிசம விகிதம் 20 சதவீதக் கலவையில் 13.5 பக்கம் வந்துவிட்டது. அதே அளவு காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும் என்று இதற்கு அர்த்தம். நிதானமாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். முழு த்ராட்டிலில், பழைய வண்டியின் பழைய மேப்பில், அந்தத் திருத்தம் முழுசாக வருவதில்லை. நான்கைந்து வருடத்துக்கு முன் டியூன் செய்த வண்டி என்றால் மறுபடி வைட்பேண்ட் சென்சார் போட்டுப் பாருங்கள்; விகித எண்ணில் குழம்பாமல், சரிசம விகிதத்தை 1 என்று வைத்து அளக்கும் லாம்டாவில் பாருங்கள், பூஸ்டில் 0.80இலிருந்து 0.85க்குள் இருக்கட்டும். எத்தனால் பழைய ரப்பரையும் தின்னும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ரெகுலேட்டரின் டயாபிரம், பழைய பெட்ரோல் ஹோஸ் இரண்டையும் சந்தேகத்தோடே பாருங்கள்.

பெட்ரோல் ஹோஸ் பேச்சு வந்ததால்: கேஜைக் காருக்குள் வைக்கிறேன் என்று பெட்ரோல் ஓடும் ஹோஸையே உள்ளே இழுத்து வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். எலக்ட்ரிக் சென்சார் வைத்து ஒயர் மட்டும் உள்ளே வரட்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கிளிப்பை ரெயிலில் போடாதீர்கள். பங்குனி, சித்திரையில் இந்த மலைச்சரிவு காய்ந்து கிடக்கும். 4 பாரில் ஒழுகும் பெட்ரோல் சூடான டர்போமேல் விழுந்தால் எரிவது உங்கள் கார் மட்டுமல்ல. மிளகும் பலாவும் வைத்துப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் காடும் எரியும். ஒரு தீயணைப்பான் சீட்டுக்கடியில் இருக்கட்டும்.

சோதனையைச் செய்ய மலை வேண்டாம். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் சென்னை டிராக் இருக்கிறது, நல்ல டைனோ உள்ள பட்டறைகள் கோவையிலும் பெங்களூரிலும் உண்டு. முழு த்ராட்டிலை அங்கே மிதித்துத் தீருங்கள். பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவில் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். கம்பெனி வைத்ததை மாற்றுவதற்கு 52ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் அதை எடுத்துக்கொண்டு வருவார். இதையெல்லாம்விட, அந்த வளைவில் எதிரே வருவது அரசு பஸ். உள்ளே ஆஸ்பத்திரிக்கு இறங்குகிற கர்ப்பிணி இருப்பாள், அன்னாசிக் கூடையோடு சந்தைக்குப் போகிற பாட்டி இருப்பார். மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பதை இறங்கும்போது மறக்காதீர்கள்.

மலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மிதமாக ஏறிக்கொண்டே லாக் எடுப்பது. பூஸ்ட், ரெயில் அழுத்தம், லாம்டா, உள்ளே போகும் காற்றின் வெப்பம், பேட்டரி வோல்டேஜ், நாக்கிங்குக்காக ஈசியூ பின்னிழுத்த டைமிங். லேப்டாப்பைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும். செம்மேட்டில் நிறுத்தி டீ சொல்லிவிட்டு பூஸ்டையும் ரெயிலையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். மேனிஃபோல்டைப் பார்க்கும் ரெகுலேட்டர் என்றால் இரண்டு கோடும் கைகோத்து ஏறி இறங்க வேண்டும். ஒரு வளைவில் பூஸ்ட் ஏறும்போது ரெயில் தயங்கியிருந்தால், கீழே இறங்கும்வரை பூஸ்டைத் தொடாமல் ஓட்டி வாருங்கள்.

அடுத்த முறை டியூனரிடம் வண்டி எடுக்கப் போகும்போது பில்லை வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "முழு பூஸ்ட்ல ரெயில் பிரஷர் எவ்ளோங்ணா காட்டுச்சு, அப்ப வோல்டேஜ் எவ்ளோ?" அவர் லாகைத் திறந்து எண்ணைக் காட்டினால் காசைக் கொடுத்துவிட்டு ஒரு கும்பிடும் போடுங்கள். "அதெல்லாம் பார்த்துட்டோம் தம்பி, நீங்க எடுத்துட்டுப் போங்க" என்றால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு லாக் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பஸ்ஸில் வீடு வந்து சேரலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

அன்புடன்,
ராசிபுரம் பக்கத்துப் பட்டறைக்காரன் ஒருவன்